முன்னால் கட்டிய சந்தோஷம்

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் ஓர் இளம் தொழிலாளியின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, சேமநிதிக்குப் போய்விடும். சொக்சோ சமூகக் காப்புறுதியும் வேலையிழப்புக் காப்புறுதியும் சேர்ந்து இன்னும் பன்னிரண்டு வெள்ளி பிடிக்கும். கைக்கு வருவது 1,500. கணவன், மனைவி இருவருக்கும் இதே சம்பளம் என்றால், ஓவர்டைம் இல்லாத மாதத்தில் அந்த வீட்டுக்குள் வரும் காசு 3,000 வெள்ளி. பிடித்தம் போகாத முழுச் சம்பளமே இருவருக்கும் 3,400 தான். 2022-இல் புள்ளிவிவரத் துறை வகுத்த வறுமைக் கோடு குடும்பத்துக்கு மாதம் 2,589. இரண்டு பேர் மாதம் முழுக்க உழைத்தும் அந்தக் கோட்டைவிட எண்ணூறு வெள்ளி மட்டுமே மேலே நிற்கிறார்கள்.

இந்தக் குடும்பத்திடம் போய் “செலவைக் குறையுங்கள், சிக்கனமாக இருங்கள்” என்று சொல்கிறோம். கோவில் மேடையில் சொல்கிறோம், பள்ளிக்கூட விழாவில் சொல்கிறோம், வானொலியில் சொல்கிறோம். அவர்கள் குறைக்காத செலவு எது? வாடகையைக் குறைக்க முடியாது. மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றாமல் வேலைக்குப் போக முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடைசியில் குறைப்பதற்கென்று மிஞ்சுவது சந்தோஷம் ஒன்றுதான்: தீபாவளிக்கு எடுக்கும் துணி, மாசி மகத்துக்குப் போகும் பயணம், ஞாயிற்றுக்கிழமை கிளேபாங் கடற்கரையில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் இளநீர் ஷேக். இவற்றையெல்லாம் ஊதாரித்தனம் என்று பட்டியலில் எழுதி அடித்துவிட்டால், அந்தப் பட்டியல் இரண்டு மாதம்கூடத் தாங்காது. மூன்றாவது மாதம் தீபாவளி வரும். அப்போது அந்தக் குடும்பம் கடன் வாங்கும்.

மலாக்காவின் தோட்டத்துத் தமிழர்களுக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்கும் ஒரு வழி தெரிந்திருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. சந்தோஷத்துக்கான காசை அவர்கள் முன்னால் கட்டினார்கள். நாம் பின்னால் கட்டுகிறோம்.

1896-இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிடப்பட்டது அங்கேதான் முதலில். அதைத் தொடர்ந்து இந்த மாநிலம் முழுவதும் தோட்டங்கள் பெருகின. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் கைக்காசு மிகக் குறைவு. மாத நடுவில் அட்வான்ஸ், மாதக் கடைசியில் மிச்சச் சம்பளம். ஆனால் வீட்டுக்கு வாடகை இல்லை, விறகு மரத்தடியில் கிடந்தது, கீரையும் முருங்கையும் வாசலிலேயே வளர்ந்தன. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடையில் பற்று.

பற்று எழுத ‘555’ நோட்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தை இந்த நாட்டில் அறியாதவர் இருக்க முடியாது. கடைக்காரரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. வாங்கும்போதெல்லாம் இரண்டிலும் எழுத வேண்டும். சம்பள நாளன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட ஒவ்வொரு வரியையும் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். “இந்த மாசம் ஏன் ரெண்டு டின் பால் அதிகமா எழுதியிருக்கு?” என்று கேட்ட வீடுகள் அவை. வரவு செலவுக் கணக்கு என்பது படித்தவர்களின் பழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது அந்தக் கணக்குக்குப் பழக்கமில்லாத செலவுகள் வந்தன. தண்ணீருக்கு ஒரு பில், மின்சாரத்துக்கு ஒரு பில், வீட்டுக்குத் தவணை, காருக்குத் தவணை, கைப்பேசிக்கு மாதக் கட்டணம். 1970களில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் பகுதிகளில் திறந்த தொழிற்சாலைகள் தோட்டத்துப் பெண்களுக்கு வேலை கொடுத்தன. வருமானம் கூடியது உண்மை. காசு கைக்கு வருமுன்னே அதற்குச் சொந்தம் கொண்டாடும் பில்களும் அதைவிட வேகமாகக் கூடின.

அப்போதும் ஒன்று மட்டும் லயத்திலிருந்து தாமானுக்குக் கூடவே வந்தது. கூட்டு.

பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. மாதந்தோறும் 2,000 வெள்ளி சேரும், ஒருவர் எடுத்துக்கொள்வார். பத்து மாதத்தில் எல்லோரும் ஒரு தடவை எடுத்திருப்பார்கள். யார் எப்போது எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முடிவு செய்யலாம், பேசியும் முடிவு செய்யலாம். “அக்கா, இந்த மாசம் எனக்கு விட்டுக் கொடுங்கக்கா, பையனுக்கு ஸ்கூல் தொறக்குது” என்றால் விட்டுக்கொடுப்பார்கள். ஏலக் கூட்டு வேறு மாதிரி. அவசரத்தில் இருப்பவர் “முந்நூறு தள்ளி எடுக்கிறேன்” என்பார், 1,700 வாங்கிக்கொள்வார், தள்ளிய முந்நூறு மற்றவர்களுக்குப் பிரியும். முதலில் எடுப்பவர் உண்மையில் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் உண்மையில் சேமிக்கிறார். ஒரே கூட்டத்துக்குள் வங்கியும் இருந்தது, உண்டியலும் இருந்தது.

கூட்டு நடத்திய பெண்கள் இதில் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார்கள். சிக்கனமான பெண்கள் தங்கள் முறையைத் தீபாவளிக்கு முந்திய மாதத்துக்கு எழுதி வைப்பார்கள். அந்த மாதத்துக்குத்தான் போட்டி அதிகம். ஜனவரியிலிருந்து கட்டி வந்த காசில் செப்டம்பரிலோ அக்டோபரிலோ 2,000 வெள்ளி மொத்தமாகக் கைக்கு வரும். துணி, பலகாரத்துக்கு மாவு, எண்ணெய், பிள்ளைகளுக்குப் பட்டாசு, வரும் சொந்தங்களுக்கு அங்பாவ். தீபாவளி முடிந்த மறுநாள் வீட்டில் காசு இருக்காது. ஆனால் கடனும் இருக்காது. பண்டிகை அன்றே முடிந்துவிடும்.

கூட்டில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம், கூட்டைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நடத்துகிறவர் காசோடு ஓடிப்போன கதை இல்லாத ஊரே இல்லை. முகம் தெரியாதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்த்து, “முதல் மாதமே இரட்டிப்பு” என்று ஆசை காட்டுவது கூட்டே அல்ல, மோசடி. பக்கத்து வீட்டுக்காரரின் முகத்துக்குப் பயந்து எல்லோரும் ஒழுங்காகக் கட்டினார்கள். அதனால்தான் பழைய கூட்டு நின்றது. அந்தப் பயம் போனால் பாதுகாப்பும் போய்விடும்.

இனி அதே தீபாவளிக்கு, அதே 2,000 வெள்ளியைப் பின்னால் கட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சங்கிலியை அடகுக் கடையில் வைத்தால், சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஆறு மாதத்துக்கு 240 வெள்ளி. அடகுச் சீட்டின் தவணையும் ஆறு மாதம்தான். அதற்குள் மீட்காவிட்டால், அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால், சங்கிலி போய்விடும். இஸ்லாமிய முறையிலான அர்ரஹ்னு அடகில் செலவு குறைவு. நம்மவர்கள் பலர் அங்கே போகிறார்கள், போகலாம். உரிமம் பெற்ற வட்டிக்கடை ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வாங்கலாம். கிரெடிட் கார்டின் உச்சமும் அதே 18 தான். கார்டில் குறைந்தபட்சத் தொகையாக 5 விழுக்காட்டை மட்டும் கட்டிக்கொண்டே வருகிறவர், இந்தத் தீபாவளியின் மிச்சக் கடனோடுதான் அடுத்த தீபாவளிக்குள் நுழைவார். உரிமம் இல்லாத ஆலோங்கிடம் போனவர்களின் கணக்கைக் காகிதத்தில் போடவே முடியாது. வாசலில் அடிக்கும் சிவப்புச் சாயத்தில்தான் அது முடியும்.

இன்றைய இளைஞர்களை இழுப்பது இவை எல்லாவற்றையும்விட நயமான ஒன்று. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று கைப்பேசியிலேயே கிடைக்கும் தவணை. மூன்று தவணைக்கு வட்டி இல்லை என்கிறார்கள். உண்மைதான், தேதி தவறாமல் கட்டினால். ஒரு காலணிக்கு ஐம்பது, ஒரு ஹெட்ஃபோனுக்கு எழுபது, அக்காள் கல்யாணத்துக்கு எடுத்த சேலைக்கு அறுபது என்று ஒவ்வொன்றும் சின்னதாகவே இருக்கும். அந்தந்தச் செயலி அதனதன் கணக்கை மட்டுமே காட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்த 555 நோட்டு இந்தப் பிள்ளைகளிடம் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். எத்தனை தவணை ஓடுகிறது என்று கேட்டால், கைப்பேசியில் நான்கு செயலிகளைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார் இன்னும் பெரிய விஷயம். மலாக்காவில் கார் இல்லாமல் குடும்பத்தோடு எங்கும் போக முடியாது. அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் 50,000 வெள்ளிக் கடனை 3 விழுக்காடு நிலையான வட்டியில் ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால் மாதம் 588 கட்ட வேண்டும், வட்டி மட்டும் 13,500. ஐந்து ஆண்டுக்கு எடுத்தால் வட்டி 7,500 தான், மாதம் 958 ஆகும். 3,000 வெள்ளி வரும் வீட்டுக்கு 958 முடியாது, ஆகவே ஒன்பது ஆண்டு. அப்படியானால் அந்த வீட்டின் தகுதிக்கு அந்தக் கார் பெரிது. பழைய கார் ஒன்றை 20,000க்குள் வாங்கி, மிஞ்சும் காசில் ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கேமரன் மலைக்குக் கூட்டிப் போகும் குடும்பத்தைத்தான் நான் வசதியான குடும்பம் என்பேன்.

மலாக்காவில் பணத்தோடு அதிகம் பழகியவர்கள் செட்டியார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் கணக்குப் புத்தகத்தில் மகமை என்று ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். லாபத்தில் ஒரு பங்கு கோவிலுக்கும் திருவிழாவுக்கும் என்று தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிடும். மிஞ்சினால் கொடுப்போம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலில் இன்றும் நடக்கும் மாசி மகம் அவர்களின் அப்படியொரு திருவிழா. ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுச் செங்குக்குப் போகிறது. புக்கிட் ரம்பாயிலிருந்து எட்டிவிடும் தூரம். காசின் அருமையை நன்றாக அறிந்த ஒரு சமூகம், கொண்டாட்டத்தை வரவு செலவுக் கணக்குக்கு வெளியே வைக்காமல் அதன் உள்ளே, ஒரு தலைப்பாக வைத்தது. சாதாரணக் குடும்பத்துக்கும் வேண்டியது அதுதான்: நோட்டுப் புத்தகத்தில் சந்தோஷத்துக்கு ஒரு வரி.

முன்னால் கட்டும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. ஹஜ் பயணத்துக்காக நிலத்தையும் எருமையையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் விழுந்த மலாய்க் கிராமத்தாருக்காக, 1959-இல் பொருளாதார அறிஞர் உங்கு அஸிஸ் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். அது 1963-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று தாபோங் ஹாஜியாக வளர்ந்து நிற்கிறது. பயணத்தைக் கைவிடச் சொல்லவில்லை அவர். பயணத்துக்கு முன்பே சிறுகச் சிறுகக் கட்டச் சொன்னார். வெள்ளைக்காரத் துரைமார் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்பட்டதை ஆராய்ந்து எழுதியவரும் இதே உங்கு அஸிஸ்தான். அந்தத் துண்டாடலை எதிர்க்க 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளிகளாக இருந்த காலம் அது. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால் மரம் வெட்டுகிறவர்களிடம் பேசினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தக் காசில் வாங்கப்பட்டது. மாதம் பத்து வெள்ளி கட்டியவர்கள் தோட்டத்துக்கே உரிமையாளர் ஆனார்கள்.

எல்லாமே இப்படி முடியவில்லை. 1982-இல் மஇகா என்னும் மலேசிய இந்திய காங்கிரஸ் கட்சி தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் 66,000க்கும் மேற்பட்டோர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் சாதாரணத் தொழிலாளிகள். சமுதாயத்தின் பெயரால் கேட்கப்பட்டது, கொடுத்தார்கள். 2010-இல் டான் ஸ்ரீ ஞானலிங்கத்தின் ஜி டீம் நிறுவனம் பங்குகளை வாங்க முன்வந்தபோது ஒரு வெள்ளிப் பங்குக்குச் சொன்ன விலை 80 காசு. இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்து போட்டதில் இருபது காசு குறைவாக வாங்கினார்கள். நம் வீட்டுப் பெண்கள் ஏன் நகையை மட்டுமே நம்புகிறார்கள் என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் தங்கம் ஒரு அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது அந்தப் பெண்களின் கணக்கு தப்பாகவும் போகவில்லை. செய்கூலி அதிகமான நகையைத் தவிர்த்து, கல் பதிக்காத எளிய வளையலாகவும் தங்கக் காசாகவும் வாங்கியவர்களுக்கு அது இன்னும் நன்றாகவே பலித்தது.

சேமநிதியைப் பற்றி ஒரு வார்த்தை. பெருந்தொற்றுக் காலத்தில் நான்கு முறை கதவு திறந்துவிடப்பட்டது. 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. பசிக்கு எடுத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 2024 மே மாதத்திலிருந்து நம் பங்களிப்பில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு நம் பங்கும் முதலாளி பங்கும் சேர்த்து மாதம் 408. அதில் பத்தில் ஒன்று 41 வெள்ளி. ஆண்டுக்கு 490 வெள்ளிதான். அவ்வப்போது ஐம்பது ஐம்பதாக எடுத்தால் எங்கே போனது என்றே தெரியாது. தொடாமல் விட்டால் அதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடும் இரவின் காசு. 2024-க்குச் சேமநிதி கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு. சராசரியாக ஐந்தரை கிடைத்தாலே இன்றைய 1,000 வெள்ளி இருபது ஆண்டில் 2,900-ஐ எட்டும். இதைவிடப் பாதுகாப்பான வேறிடம் நமக்கு எளிதில் கிடைக்காது.

சரி, அந்த 3,000 வெள்ளி வீடு என்ன செய்வது? வருமானத்தைத் தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 விழுக்காடாகப் பிரிக்கச் சொல்லும் சூத்திரம் ஒன்றை அமெரிக்கர்களான எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் பிரபலமாக்கினார்கள். நம் வீட்டுக்கு அது ஒத்துவராது. வாடகை, சாப்பாடு, வாகனம், பிள்ளை, பில் என்று 2,500 வெள்ளி அசையாமல் போய்விடும். மிச்சம் 500. அதில் 150 வெள்ளியைச் சம்பளம் வந்த அன்றே, அரிசி வாங்குவதற்கு முன்பே, சந்தோஷத்துக்கு என்று தனிக் கணக்கில் போடுங்கள் என்கிறேன். பேங்க் சிம்பானான் நேஷனலில் ஒரு கணக்கு போதும், ஏ.டி.எம். கார்டை மட்டும் பர்ஸில் வைக்க வேண்டாம். ஆண்டுக்கு 1,800 வெள்ளி. தீபாவளிக்கு ஆயிரம், மாசி மகத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் நானூறு, மாதம் ஒரு நாள் கடற்கரைக்கோ பசார் மாலாமுக்கோ போகும் செலவுக்கு மீதி. இன்னொரு 150 அவசரத்துக்கு. மீதி 200-இல் பழைய கடன் இருந்தால் அதிக வட்டிக்காரரை முதலில் முடிக்க வேண்டும்.

அவசரக் காசையும் சந்தோஷக் காசையும் சமமாக வைப்பது தப்பு என்று நிதி ஆலோசகர்கள் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவசரத்துக்கு மட்டும் சேர்க்கச் சொன்னால் வீட்டில் யாருக்கும் அந்த உண்டியலைப் பார்க்கவே பிடிக்காது. தீபாவளிக்குச் சேர்க்கும்போது பிள்ளைகளே கேட்பார்கள், “இந்த மாசம் போட்டாச்சாம்மா?” என்று.

கல்யாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. லயத்தில் கல்யாணம் என்றால் பந்தலும் அடுப்பும் ஊர்ப் பொறுப்பு. மொய் நோட்டு ஒரு வகையில் ஊரின் கூட்டு நோட்டாகவே இருந்தது. இன்று மண்டபம், தலைக்கு இவ்வளவு என்று சாப்பாடு, வீடியோ, அலங்காரம் எல்லாவற்றுக்கும் ரொக்கம். புது மணமக்கள் தனிநபர் கடனோடு வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். முதல் குழந்தை பள்ளிக்குப் போகும்வரை கட்டுகிறார்கள். ஒரு மாலை நேரத்து விருந்துக்கு ஐந்தாறு வருடத் தவணை. இதைத் தடுக்கும் துணிச்சல் பெற்றோருக்குத்தான் வர வேண்டும். முந்நூறு பேரை அழைத்துக் கோவில் மண்டபத்தில் செய்த கல்யாணத்தை யாரும் குறையாகப் பேசியதில்லை. பேசினால் பேசட்டும்.

ஏற்கெனவே கழுத்துவரை கடன் இருப்பவர்கள் தனியாகத் தவிக்க வேண்டியதில்லை. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உட்கார்ந்து பேசுகிறது. வங்கிகளோடு பேசித் தவணையை ஒன்றாக்கிக் குறைத்தும் தருகிறது. சம்பளச் சீட்டும் கடன் கடிதங்களும் கொண்டுபோனால் போதும். வெட்கப்பட்டுக்கொண்டு ஆலோங்கிடம் போவதைவிட அந்த நாற்காலியில் அரை மணி நேரம் உட்காரலாம்.

கூட்டு வேண்டும், ஆனால் ஏமாறவும் கூடாது என்பவர்களுக்கு, இப்போது சில குடும்பங்கள் செய்யும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அண்ணன், தங்கை, சித்தி மகள் என்று நான்கைந்து வீடுகள் மட்டும் சேர்ந்துகொள்கின்றன. பணம் யார் கைக்கும் போவதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் கணக்கிலேயே போட்டுவிட்டு, ரசீதின் படத்தைக் குடும்பக் குழுவில் அனுப்புகிறார்கள். போடாதவரை அத்தை கூப்பிட்டுக் கேட்பார். பத்து மாதம் கழித்து எல்லோரும் ஒரே நாளில் எடுத்து, எல்லோரும் சேர்ந்து பலகாரத்துக்குச் சாமான் வாங்குகிறார்கள். மொத்தமாக வாங்குவதால் மாவும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கின்றன. முறுக்கு யார் வீட்டில் சுடுவது என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லையாம்.